இயந்திரங்களின் தோழி பியாட்ரிஸ் ஷில்லிங்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி



உத்திரமேரூருக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் பாட்டி வீட்டுப் பின்கட்டில் இன்றும் ஒரு விறகடுப்பு இருக்கிறது. வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் அதுதான் உதவுகிறது. மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருந்தால் அடுப்பு புகையுமே தவிர எரியாது. அப்போது பாட்டி ஊதுகுழலை எடுத்து நிதானமாக நாலு முறை ஊதுவார். உடனே தணலிலிருந்து தீ எழும்பி நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஒருநாள் நானும் ஊதிப் பார்த்தேன். ஆத்திரத்தில் மூச்சை எல்லாம் கூட்டி ஊதினேன். சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. ஊதுவது பெரிதன்று, அளவறிந்து ஊத வேண்டும் என்று பாட்டி அன்று சொன்னார்.

மோட்டார் வண்டியின் எஞ்சினும் ஒருவகை அடுப்புதான். அதில் விறகுக்குப் பதில் பெட்ரோல் எரிகிறது. எரிவதற்குக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் கீழே இறங்கும்போது கிடைக்கும் காற்றை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு ஊதுகுழல் வைத்து, மேலும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் என்ன ஆகும்? கூடுதல் காற்றோடு கூடுதல் பெட்ரோலையும் எரிக்கலாம். எஞ்சினின் அளவு மாறாமலே சக்தி மட்டும் பெருகும். இப்படிக் காற்றைத் தள்ளும் கருவிக்கு சூப்பர்சார்ஜர் என்று பெயர். எஞ்சினே அதைச் சுழற்றுகிறது. இந்த ஊதுகுழலின் நுட்பத்தைக் கரைத்துக் குடித்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றையே இங்கு எழுத விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

பியாட்ரிஸ் ஷில்லிங் 1909-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த வாட்டர்லூவில் என்னும் ஊரில் பிறந்தார். இன்று உலகமெங்கும் மகளிர் நாளாகக் கொண்டாடப்படும் அதே தேதியில் அவர் பிறந்தது எவ்வளவு பொருத்தம்! தந்தை இறைச்சிக் கடை வைத்திருந்தார். மூன்று பெண்களில் இவரே கடைக்குட்டி.

மற்றச் சிறுமிகள் பொம்மையும் ரிப்பனும் வாங்கும் வயதில் இவர் கைச்செலவுக் காசில் பேனாக்கத்தியும் பசையும் கருவிகளும் வாங்கினாராம். உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பிணைத்து உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டில் அவருக்குக் கொள்ளை ஆசை. பதினான்காம் வயதில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதை ஓட்டியதோடு நிற்கவில்லை. பிரித்தார், துடைத்தார், மீண்டும் பூட்டினார். நம்மில் பலர் அந்த வயதில் சைக்கிள் செயின் கழன்றாலே அண்ணனைக் கூப்பிடுகிறோம் அல்லவா?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்னும் பெண் பொறியாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மின்விளக்கே காணாத சிற்றூர்களுக்கு மின்சாரம் கொண்டு சென்றவர் அந்த அம்மையார். வீடுகளுக்குக் கம்பி இழுப்பதும் மின்னாக்கிகளைப் பொருத்துவதும் ஷில்லிங்கின் வேலை. மூன்று ஆண்டுகள் கையில் கரி படிய உழைத்தார். அவருடைய திறமையைக் கண்ட பார்ட்ரிட்ஜ் அம்மையார், இத்தோடு நின்றுவிடாமல் பல்கலைக்கழகத்திற்குப் போய்ப் பொறியியல் படிக்கும்படி ஊக்கமூட்டினார். ஒரு பெண் மேலே ஏற, அவளுக்கு முன் ஏறிய இன்னொரு பெண் கை கொடுத்தாள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1932-இல் மின்பொறியியல் பட்டமும், அடுத்த ஆண்டே இயந்திரப் பொறியியலில் மேற்பட்டமும் பெற்றார். அதன்பின் பேராசிரியர் மக்லோவிடம் ஆராய்ச்சி உதவியாளரானார். ஆராய்ச்சிப் பொருள் என்ன தெரியுமா? சூப்பர்சார்ஜர் பூட்டிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். தாம் மோட்டார் சைக்கிளில் விளையாட்டாகக் கற்றதை, இப்போது அளவுகோலும் வெப்பமானியும் கொண்டு கணக்காகக் கற்றார்.

ஊதுகுழல் பூட்டிய பென்ட்லி

ஷில்லிங் மாணவியாக இருந்த நாட்களில் சூப்பர்சார்ஜர் பற்றி இங்கிலாந்தே பேசிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் பென்ட்லி என்னும் பந்தயக் கார். அதன் நாலரை லிட்டர் வண்டி 1927-இல் வெளிவந்தது. சுமார் 110 குதிரைத்திறன் உடையது. போட்டிக் கார்கள் வேகமாகிவிட்டபடியால், டிம் பர்க்கின் என்னும் பந்தய வீரர் அந்த வண்டியிலேயே ஒரு சூப்பர்சார்ஜரைப் பூட்ட விரும்பினார். ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் பொறியாளர் அதை வடிவமைத்தார். பெரும் பணம் தந்து உதவியவர் டாரதி பேஜட் என்னும் இளம் சீமாட்டி. வண்டியின் மூக்கிலே, ரேடியேட்டருக்கு முன்னால், அந்த ஊதுகுழல் துருத்திக்கொண்டு நின்றது. பந்தய வண்டியில் சக்தி 240 குதிரைத்திறன் வரை ஏறியது.

ஆனால் அந்தக் காரை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இது பிடிக்கவில்லை. வேகம் வேண்டுமானால் பெரிய எஞ்சினாகவே செய்துகொள்ளலாம், இருக்கிற எஞ்சினில் காற்றைத் திணிப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பது அவர் கருத்து. யார் சொன்னது சரி? 1930-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் ஊதுகுழல் பூட்டிய பென்ட்லிகள் பாதியிலேயே நின்றுவிட்டன. ஊதுகுழல் இல்லாத, பெரிய எஞ்சின் கொண்ட பென்ட்லி முதலிடம் பெற்றது. ஆனால் அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் பர்க்கின் தம் ஊதுகுழல் பென்ட்லியில் இரண்டாவதாக வந்தார். 1932-இல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 222 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்றையும் முடித்தார்.

ஆக, ஊதுகுழல் நல்லதுமன்று, கெட்டதுமன்று. பழைய எஞ்சினில் அதைப் பூட்டுகிறவர் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். காற்று மிகுந்தால் பெட்ரோலும் அதற்குச் சரியான விகிதத்தில் மிக வேண்டும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் உருகும். மிகுந்தால் கரும்புகை கக்கித் திணறி நிற்கும். காற்றை அழுத்தினால் அது சூடாகும்; அதனால் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கும். எனவே சிலிண்டருக்குள் அழுத்தும் விகிதத்தைக் குறைக்க வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தையும் திருத்த வேண்டும். கேஸ்கட், பேரிங், குளிர்விக்கும் நீர் எல்லாம் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். என் பாட்டி சொன்ன அளவு என்பது இதுதான்.

பொன் நட்சத்திரம்

நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மோட்டார் பந்தயத் தடம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன்பு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. இவற்றுக்கெல்லாம் மூத்தது இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ். மோட்டார் பந்தயத்துக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட தடம் அது, 1907-இல் திறக்கப்பட்டது. அதன் வளைவுகள் ஏரிக்கரை போல் சரிந்து உயர்ந்திருந்தன. கான்கிரீட் தளம் மேடும் பள்ளமுமாக இருந்தபடியால் வேகமாக வரும் வண்டிகள் சில இடங்களில் தரையை விட்டே எழும்பும்.

அங்கே பந்தயத்தின்போது மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்றை முடிக்கும் மோட்டார் சைக்கிள் வீரருக்குப் பொன் நட்சத்திரம் ஒன்று பரிசாகக் கிடைக்கும். எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபைக்கு வர நிலம், சொந்த வீடு, வயது, கல்வி என்று அதில் பல தகுதிகள் சொல்லப்பட்டுள்ளன. புரூக்லேண்ட்ஸ் பொன் நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு தகுதிதான். கடிகாரம் காட்டும் வேகம். கடிகாரம் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

1934-இல் ஷில்லிங் தம் கையாலேயே செப்பனிட்ட 500 சி.சி. நார்டன் மோட்டார் சைக்கிளில் அந்தத் தடத்தில் இறங்கினார். தொழில்முறை வீரர்களைப் பின்னுக்குத் தள்ளி, மணிக்கு 106 மைல், அதாவது சுமார் 170 கி.மீ. வேகத்தை எட்டினார். பொன் நட்சத்திரம் அவர் சட்டையில் ஏறியது. 1939-இல் அந்தத் தடம் மூடப்படும் வரை அந்தப் பரிசை வென்ற பெண்கள் மூவரே. அவர்களில் இவர் இரண்டாமவர். ஆராய்ச்சிக்கூடத்தில் கற்றதைச் சும்மா விடுவாரா? அந்த நார்டனிலும் ஒரு சூப்பர்சார்ஜரைப் பூட்டிப் பார்த்தார். ஏட்டிலே படித்ததைக் கையிலே செய்து பார்ப்பது அவருடைய வழக்கம்.

1938-இல் ஜார்ஜ் நெய்லர் என்பவரை மணந்தார். அவரும் பொன் நட்சத்திரம் வாங்கிய பிறகே திருமணம் என்று ஷில்லிங் நிபந்தனை போட்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் இருவரும் ஒரே தொழிற்கூடத்தில் ஒன்றாகக் கருவி பிடித்த இணைபிரியாத் தம்பதியர்.

தலைகீழான விமானங்கள்

1936-இல் ஷில்லிங் ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் பகுதியில் அவருக்கு வேலை. மூன்றே ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சின் இருந்தது. 27 லிட்டர், 12 சிலிண்டர் கொண்ட அதிலும் ஒரு சூப்பர்சார்ஜர் உண்டு. 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பாதிதான். ஊதுகுழல் இல்லாவிட்டால் அங்கே எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

ஆனால் அந்த எஞ்சினில் ஒரு கொடிய குறை இருந்தது. விமானி திடீரென்று விமானத்தின் மூக்கைக் கீழே அமிழ்த்தினால், கார்புரேட்டர் தொட்டியிலுள்ள பெட்ரோல் மேற்கூரைக்கு எறியப்படும். பள்ளத்தில் இறங்கும் பேருந்தில் நம் வயிறு மேலெழும்புவது போன்றதே இது. முதலில் பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் ஒரு கணம் திணறும். அடுத்து, தொட்டியின் மிதவை தடுமாறுவதால் பம்பு தரும் பெட்ரோல் அத்தனையும் வெள்ளமாக உள்ளே பாயும். எஞ்சின் கரும்புகை கக்கி நின்றுவிடும். பகைவரின் ஜெர்மன் விமானங்களிலோ பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்பட்டது. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. எனவே ஜெர்மன் விமானி மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் தப்பித்துக்கொள்வான். அதே வழியில் துரத்தினால் பிரிட்டிஷ் விமானியின் எஞ்சின் நின்றுபோகும். 1940-ஆம் ஆண்டு வான்போரில் இது இளம் விமானிகளின் உயிர்ப் பிரச்சினையாயிற்று.

கார்புரேட்டர் முழுவதையும் புதிதாக வடிவமைக்க நாட்கள் ஆகும். அதுவரை விமானங்களைத் தரையில் நிறுத்தி வைக்க முடியுமா? ஷில்லிங் வேறு விதமாகச் சிந்தித்தார். எஞ்சின் முழுச் சக்தியோடு ஓடும்போது அதற்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்கிட்டார். அந்த அளவு மட்டுமே புகக்கூடிய துளையுடன் ஒரு சிறு பித்தளைத் துண்டைச் செய்து பெட்ரோல் குழாயின் வழியில் வைத்தார். நம் தையல் வகுப்பில் விரலில் மாட்டிக்கொள்ளும் உறை இருக்கிறதே, ஏறக்குறைய அந்த உருவம். பிற்பாடு அது வெறும் தட்டை வளையமாகவே ஆயிற்று. விமானம் எப்படிக் குட்டிக்கரணம் போட்டாலும் அந்தத் துளைக்கு மேல் பெட்ரோல் பாய முடியாது. எனவே எஞ்சின் வெள்ளத்தில் மூழ்காது.

இங்கேதான் அவருடைய ஊதுகுழல் கல்வி கைகொடுத்தது. சூப்பர்சார்ஜர் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அதற்கேற்ற பெட்ரோல் அல்லவா வேண்டும்? ஆகவே துளைக்கு ஒரே அளவு போதாது. சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு மிகை அழுத்தம் தரும் எஞ்சினுக்கு ஒன்று, 15 பவுண்டு தரும் எஞ்சினுக்கு ஒன்று என இருவகைத் துண்டுகள் செய்யப்பட்டன. துளை கொஞ்சம் சிறுத்தால் எஞ்சினின் சக்தி குறையும். கொஞ்சம் பெருத்தால் பயனே இல்லை.

இதன் பெரிய சிறப்பு, விமானத்தைப் பணியிலிருந்து நிறுத்தாமலே இதைப் பொருத்தலாம் என்பது. 1941-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானத்தளம் விமானத்தளமாகச் சென்று இதைப் பொருத்தச் செய்தார். விமானிகள் அந்தத் துண்டுக்கு அவர் பெயரையே சூட்டி அன்போடு அழைத்தார்கள். முதல் ஒரு கணத் திணறலை அது நீக்கவில்லை என்பதும் உண்மை. முழுத் தீர்வான புதிய கார்புரேட்டர் 1943-இல் வரும் வரை அந்தப் பித்தளைத் துண்டுதான் காவல் நின்றது.

பிற்காலம்

போர் முடிந்த பிறகும் ஷில்லிங் அம்மையார் அதே நிலையத்தில் பணியாற்றி 1969-இல் ஓய்வு பெற்றார். ராக்கெட் ஏவுகணை ஆராய்ச்சியிலும், மழை நனைத்த ஓடுபாதையில் விமானம் வழுக்காமல் பிரேக் பிடிப்பது எப்படி என்ற ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கியது.

வேக ஆசை மட்டும் அவரை விட்டு விலகவில்லை. ஐம்பது வயதை எட்டியபோது கணவரோடு சேர்ந்து ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறு பந்தயக் காரை வீட்டுத் தொழிற்கூடத்திலேயே பலவாறு மாற்றி அமைத்தார். 1959 முதல் 1962 வரை அந்தக் காரோடு பந்தயங்களில் கலந்துகொண்டு பரிசுகளும் பெற்றனர். 1990-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் பொறியியல் துறைக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இது எங்கோ வெள்ளைக்காரர் நாட்டில் நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் சென்னையில் 1919-இல் பிறந்த ஏ. லலிதா பதினைந்து வயதில் மணம் முடிக்கப்பட்டு, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். அந்த நிலையிலும் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943-இல் மின்பொறியியல் படிப்பை முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் அவர். பார்ட்ரிட்ஜ் அம்மையார் உழைத்து வளர்த்த லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் 1965-இல் லலிதாவும் உறுப்பினரானார். பதினைந்து வயதில் அவர் எங்கே நின்றார், நாம் எங்கே நிற்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும்போது என் கண் கலங்குகிறது.

என் அனுபவம்

என் தாய்மாமாவுக்கு ஏரிக்கரையோரம் நிலம் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அவருடைய டீசல் பம்பு செட் எஞ்சின் கரும்புகை விட்டுத் திணறிற்று. நான் அருகில் போய் ஸ்பானரை எடுத்தேன். பெண்பிள்ளை கையில் கிரீஸ் படலாமா, போய் அத்தைக்கு உதவி செய் என்று மாமா அனுப்பிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அன்போடுதான் சொன்னார். அதனாலேயே எனக்குப் பதில் பேசத் தெரியவில்லை.

ஷில்லிங் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபின் அந்தக் கரும்புகை என் நினைவுக்கு வந்தது. கரும்புகை என்றால் எண்ணெய் மிகுந்து காற்று குறைந்தது என்றல்லவா பொருள்? காலாண்டு விடுமுறையில் மாமாவிடம் சென்று, காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று பணிவோடு கேட்டேன். அவர் வியப்போடு திறந்தார். உள்ளே வைக்கோல் தூசியும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. நானே தட்டித் துடைத்து மாட்டினேன். எஞ்சின் ஓடியதும் புகை வெளுத்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் ஊருக்குப் போனால் ஸ்பானர் பெட்டியை என் பக்கமாக நகர்த்தி வைக்கிறார்.

தோழியரே! இன்னும் சில மாதங்களில் நாம் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஆர்வம் என்பது காற்றைப் போன்றது. நமக்குள் அதை ஊதிவிட ஒரு நல்ல ஆசிரியையோ, பாட்டியோ, ஒரு நூலோ போதும். ஆனால் வெறும் காற்று எஞ்சினை ஓட்டாது. அதற்கு இணையாகப் படிப்பும் பயிற்சியும் பொறுமையும் அளவோடு சேர வேண்டும். ஷில்லிங் அம்மையார் 170 கி.மீ. வேகத்தில் பறந்தது அவருடைய துணிவு. ஒரு சிறு துளையின் அளவைப் பிழையின்றிக் கணக்கிட்டது அவருடைய கல்வி. துணிவும் கல்வியும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தால் பல உயிர்கள் காக்கப்படும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

நாமும் அவ்வாறு கற்போம். கையில் கிரீஸ் படிந்தால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வோம்!